நீல வரிசையில் ஒன்பதாவது விளக்கு

அந்த விடுதிக்காரரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் இவள் மனம் இளகியிருப்பாள் என்று எதிர்பார்த்துப் படிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

பழவேற்காட்டில் படகுத்துறைக்குப் போகும் சந்தில் எங்கள் வீடு. என் கணவர் வலைக்குப் போகாத நாட்களில், ஏரி பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார். நானும் என் மாமியாரும் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து ஏரிக்குள் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்போம். இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்தபடியே நகர வேண்டும். மாமியார் என் அப்பாவின் அக்கா. அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

கல்யாணத்துக்கு முன் எனக்கு வேறு வேலை இருந்தது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, காட்டூரில் என் அப்பா வீட்டிலிருந்து சைக்கிளில் அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் போய், ரயில் பிடித்து, விளக்கு செய்யும் ஒரு கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். முதலில் ஈயம் வைத்துப் பற்றவைக்கும் மேசை. பிறகு மற்றவர்கள் பற்றவைத்ததைச் சோதிக்கும் மேசை. கல்யாணமானதும் அந்த வேலை நின்றுபோனது. ஈயம் உருக்கும் சால்டரிங் அயனை மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

கொரோனா அடங்கி, வெளியூர் ஆட்கள் திரும்பவும் ஏரி பார்க்க வர ஆரம்பித்த சமயம் அது. ஊருக்கு வெளியே விடுதி நடத்தும் ஒருவர் தன் வரவேற்பறையில் ஐந்தடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்தார். ஏரியில் இருப்பதெல்லாம் அதில் உயிரோடு வேண்டும் என்றார். என் கணவர் மூலமாக எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். நாங்கள் முகத்துவாரம் பக்கம் போய், சிப்பி ஒட்டிய கற்களோடு கடல் சாமந்திகளை எடுத்துவந்தோம். தண்ணீருக்குள் பூ மாதிரி விரிந்திருக்கும், தொட்டால் சுருங்கும், பூவே இல்லை, உயிருள்ள ஜந்து. சங்குக்குள் குடியிருக்கும் சின்ன நண்டுகள், விரல் நீளத்தில் வரிபோட்ட மீன்கள் எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாளித் தண்ணீர் சூடாகிவிடக் கூடாது என்று அத்தை ஈரத்துணியால் மூடி, வழியெல்லாம் தன் நிழலிலேயே வைத்துத் தூக்கிவந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும், கூப்பிட்டனுப்பினார். புதிதாக ஏதோ கேட்கப்போகிறார் என்று வாளியோடு போனோம். வரவேற்பறை நிறைய குடும்பங்கள். தொட்டியில் கடல் சாமந்திகள் வெளுத்து, உருகி, கல்லில் சளி மாதிரி வழிந்திருந்தன. நாற்றம் வாசல்வரை வந்தது.

"இந்தாம்மா, செத்ததக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டுப் போயிருக்க. உன் கையாலயே எல்லாத்தையும் எடு" என்றார் அத்தையிடம்.

அத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று, தோள்பட்டைவரை கையைத் தொட்டிக்குள் விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். ரவிக்கையெல்லாம் நனைந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். விடுதிக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இவங்ககிட்ட வாங்கினா இப்டித்தான் சார். கண்ணு முன்னாடியே ஏமாத்துவாங்க" என்றார்.

நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. அவர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் ஒரு பங்கு என் மேலேயே இருக்கிற கோபம். அது அன்று வாய் திறக்காததற்காக.

சின்ன ஊர். அடுத்த நாளே கரையில் நண்டு வாங்கும் ஆள், அத்தையின் பறியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இன்னா ஆயா, இதுக்கு உசுரு இருக்குதா?" என்று கேட்டுச் சிரித்தான். அத்தையும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு மற்ற பெண்களோடு சேர்ந்து ஏரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவர்கள் கரையேறிய பிறகு தனியாகப் போவார். அந்த நேரத்தில் பாதி இறால்கூடக் கிடைக்காது.

அந்த ஜந்துக்கள் ஏன் செத்தன என்று எனக்குத் தெரியும். ஏரியில் அவை பழுப்பும் பச்சையுமாக இருக்கும். அவற்றின் உடம்புக்குள் ஒருவகைப் பாசி குடியிருக்கிறது. வெயில் பட்டால் அந்தப் பாசிதான் அவற்றுக்குச் சோறு பொங்கிப் போடும். விடுதியில் ஒரு டியூப் லைட்டும், சிவப்பு பச்சையென்று மாறி மாறி எரியும் ஒரு கல்யாண வீட்டுப் பட்டை லைட்டும்தான் இருந்தன. பட்டினிபோட்டுக் கொன்றது அவர். கம்பெனியில் ஒருமுறை கடல்மீன் தொட்டிகளுக்கு விளக்கு செய்தபோது எங்கள் இன்ஜினியர், "நீலத்தக் குறைக்காதீங்கம்மா, நீலந்தான் அதுங்களுக்குச் சாப்பாடு" என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை.

இதை நான் போய்ச் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். அதனால் காட்டுவது என்று முடிவு செய்தேன். அதே தண்ணீர், அதே ஜந்துக்கள். என் வீட்டில் உயிரோடு இருக்க வேண்டும். அதுவும் அவருடைய விருந்தாளிகள் படகுக்குப் போகிற வழியில், அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும்.

பொன்னேரியில் வண்ணமீன் கடையைக் காலி செய்த ஒருவரிடம் மூன்றடித் தொட்டி கிடைத்தது. பழைய இரும்புக் கடையில் செத்துப்போன ஆம்ப்ளிபயர் ஒன்றைப் பிரித்து, அதன் முதுகிலிருந்த வரிவரியான அலுமினியத் தகட்டை எடுத்தேன். விளக்குகளின் சூட்டை வாங்கி வெளியே விடுவதற்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. ரயிலேறிப் போய் சென்னை ரிச்சி தெருவில் மூன்று வாட் எல்.இ.டி.கள் வாங்கினேன். பன்னிரண்டு நீலம், பன்னிரண்டு வெள்ளை. ஒவ்வொரு வரிசைக்கும் தனி டிரைவர், அதாவது கரண்டை அளந்து விடும் சின்னப் பெட்டி. பழைய கம்ப்யூட்டரின் காற்றாடி ஒன்று.

தகட்டில் துளை போட்டுக் கொடுத்தது என் கணவர். படகு இன்ஜினைப் பிரிக்கிற கை, துளையெல்லாம் நூல் பிடித்த மாதிரி இருந்தது.

"இன்னாத்துக்கு இவ்ளோ பாடு? ரெண்டு பல்பு தொங்கவுட்டா போதாதா?" என்றார்.

"பல்பு தொங்கவுட்டா அவன் தொட்டி மாதிரி ஆயிடும்."

அத்தைக்குக் கேட்டிருக்கும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒவ்வொரு விளக்குக்கும் அடியில் வெள்ளைப் பசை தடவி, திருகி, பிறகு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒயர் வைத்துப் பற்றவைத்தேன். மாதா கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரிதான். வரிசையில் ஒன்று விட்டுப்போனால் மொத்தமும் அணைந்துவிடும். முதல் நான்கு அசிங்கமாக வந்தன. ஐந்தாவதிலிருந்து கை பழக்கத்துக்கு வந்துவிட்டது. ஈயம் உருகிப் பளபளவென்று படரும்போது வருகிற அந்தப் புகை வாசனையில் எனக்குக் கம்பெனி ஞாபகம் வரவில்லை. விடுதிக்காரரின் முகம்தான் வந்தது. உப்புக் காற்று ஒரே மாதத்தில் செம்பைப் பச்சையாக்கிவிடும் என்பதால், எல்லாப் பற்றின் மேலும் சிலிக்கான் பூசி, அடியில் கண்ணாடி மாதிரி ஒரு அக்ரிலிக் தகடு மாட்டினேன். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே சங்கிலியில் தொங்கவிட்டேன்.

முதல்முறை சுவிட்சைப் போட்டபோது, ஓடு வேய்ந்த எங்கள் முன்னறை முழுக்கக் கடல் மாதிரி அலையடித்தது. சுவரில், பாத்திரங்களில், அத்தையின் முகத்தில் எல்லாம் நீல அலை.

"டியே, இன்னாடி இது" என்றார் அத்தை. பல நாளுக்குப் பிறகு அவர் குரலில் அப்படி ஒரு உயரம்.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். நான்கு கடல் சாமந்திகளை விட்டு, முழு வெளிச்சத்தையும் காலையிலிருந்து சாயங்காலம்வரை எரியவிட்டேன். விடுதிக்காரரை உடனே தோற்கடிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் தோற்கடிக்க வேண்டும் என்று அவசரம். இரண்டாம் நாள் நான்கும் முஷ்டி மாதிரி மூடிக்கொண்டன. உள்ளே இருந்த பாசியைப் பழுப்புச் சளியாகக் கக்கின. ஐந்தாம் நாள் ஒன்று செத்துவிட்டது. அவர் பட்டினிபோட்டுக் கொன்றார், நான் திணித்துக் கொன்றேன். அத்தை பார்ப்பதற்குள் அதை எடுத்துக் கொல்லையில் புதைத்தேன்.

பிறகு பொறுமையாகச் செய்தேன். விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே மல் துணியை நான்காக மடித்துக் கட்டி, முதல் வாரம் இரண்டு மணி நேரம், அடுத்த வாரம் ஒரு மடிப்பைப் பிரித்து நான்கு மணி நேரம் என்று பழக்கினேன். ஓதம் ஏறிக் கடல் தண்ணீர் உள்ளே வரும்போது முகத்துவாரத்துக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவந்து, வடிகட்டி, வாரம் ஒருமுறை கொஞ்சம் மாற்றினேன். கடைசி மடிப்பையும் எடுத்தபோது மீதி மூன்றும் கைவிரித்து நின்றன, ஏரியில் இருந்ததைவிடக் கருத்து.

சந்தைப் பார்த்த ஜன்னலைத் திறந்து வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

படகுக்குப் போகிறவர்கள் சந்தில் நின்றார்கள். பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தார்கள். "ஓட்டல்ல இருக்குறது ஒண்ணுமே இல்லப்பா, இதப் பாரு" என்று ஒரு அப்பா தன் பிள்ளையிடம் சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். அன்று சாப்பிட்ட சோறு எனக்கு இன்னும் ருசிக்கிறது.

விடுதிக்காரர் சும்மா இருக்கவில்லை. தன் விருந்தாளிகளை என் கணவரின் படகில் ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் படகு கரையிலேயே கிடந்தது.

"உன் ரோஷத்துக்கு என் படகு காயுது. நல்லாருக்குதா?" என்றார் கணவர்.

"நல்லாத்தான் இருக்குது" என்றேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்படியே இரண்டு மாதம் போனது. ஒரு சாயங்காலம் விடுதிக்காரரே வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் நின்றுகொண்டு, "நீயாம்மா செஞ்ச? பரவாயில்லையே. அதே மாதிரி எனக்கு ஒண்ணு வேணும், பெருசா" என்றார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அத்தை உள் அறையில் இருந்தார். வெளியே வரவில்லை.

நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கணவர், "செஞ்சி குடுத்துடுவா சார்" என்றார். அவர் கண் என்னைக் கெஞ்சியது. படகு திரும்பவும் தண்ணீரில் இறங்க அதுதான் வழி.

செய்து கொடுத்தேன். ஐந்தடி நீளம், என் வீட்டில் இருப்பதைவிட அழகு. நீல வரிசையில் ஒன்பதாவது விளக்கை மட்டும் வேறு மாதிரி செய்தேன்.

கம்பெனியில் சோதனை மேசையில் நாங்கள் தேடியதெல்லாம் ஒரே குறையைத்தான். டிரை சால்டர் என்போம். ஈயம் உறைகிற அந்த நொடியில் ஒயர் துளி அசைந்தால் போதும். பார்வைக்கு ஒட்டியிருக்கும், எரியவும் செய்யும். பளபளப்பு இல்லாமல் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஒருநாள் விட்டுவிடும். வருடக்கணக்கில் பூதக்கண்ணாடி வைத்துப் பிடித்துத் தள்ளிய குறையை என் கையாலேயே செய்தேன். ஒன்பதாவது விளக்கில் ஈயம் உறையும்போது ஒயரை மெதுவாக அசைத்தேன். மேலே சிலிக்கான் பூசி மறைத்தேன்.

நீலம் அழகுக்குத்தான் என்று விடுதிக்காரர் நினைத்திருந்தார். அது அணைந்தாலும் வெள்ளை எரிந்துகொண்டிருக்கும். யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஜந்துக்கள் மெல்ல மெல்ல வெளுக்கும். நாலுபேர் முன்னால் நாறும். அதுதான் என் கணக்கு.

கணக்கு பிசகவில்லை. மூன்று மாதத்தில், விருந்தாளிகளை ஏற்றப்போன கணவர் வந்து, "உன் லைட்டு அங்க இப்ப வெள்ளையாத்தான் எரியுது, மாத்திட்டாரா இன்னா?" என்றார். தெரியாது என்றேன். அன்றிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தேன்.

ஆனால் தொட்டிக்கு இப்போது யார் ஜந்துக்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

பக்கத்துச் சந்தில் ஒரு பெண், புருஷன் இல்லாதவள். ஏரியில் அத்தைக்கு அடுத்தாற்போல நின்று இறால் தடவியவள். ஒருநாள் மத்தியானம் வாளியோடு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தாள். வாளியிலிருந்து எனக்குத் தெரிந்த நாற்றம் வந்தது.

"நாலு பேரு எதுர்ல அள்ள வச்சிட்டான்க்கா" என்று அத்தையிடம் சொல்லி அழுதாள். "செத்ததக் குடுத்தேங்குறான். எங்க நைனா மேல சத்தியமா உசுரோடதான் குடுத்தேன்."

அத்தை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தன் முந்தானையால் அவள் கையைத் துடைத்துவிட்டார். விரல் விரலாகத் துடைத்தார். "எனக்குத் தெரியும்டி. எனக்கும் இதான ஆச்சு" என்றார். பிறகு உள்ளே என் பக்கம் திரும்பி, "ஏண்டி, அங்க நீ செஞ்ச லைட்டுதான எரியுது? அப்புறம் எப்டிச் சாவுது?" என்று கேட்டார்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். என் கோபம் விடுதிக்காரரைப் போய்ச் சேரவே இல்லை. அவர் வழியாகப் பாய்ந்து, இவள் தலையில் விழுந்திருந்தது.

அந்த ஞாயிறு காலை சால்டரிங் அயனை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். வரவேற்பறையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் இருக்க வேண்டும் என்றுதான் அந்த நேரம் போனேன். விளக்கை இறக்கி, சிலிக்கானைச் சுரண்டி, ஒன்பதாவது பற்றைப் புதிதாக வைத்தேன். இந்தமுறை பளபளவென்று படர்ந்தது. மாட்டியதும் நீலம் எரிந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

"சார், அந்தப் பொம்பள மேல தப்பில்ல" என்றேன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அவ உசுரோடதான் குடுத்தா. லைட்டுல நீலம் செத்துப்போச்சு. அதான் இதுங்க செத்துச்சு."

"அப்ப உன் லைட்டு சரியில்லங்குற."

"ஆமா. நாந்தான் வேணும்னே அப்டி செஞ்சேன்."

அவர் என்னை முதல்முறையாக உற்றுப் பார்த்தார்.

"வேணும்னேவா? ஏன்? நான் உனக்கு என்னம்மா பண்ணேன்?"

"எங்க அத்தைய நாற்காலி மேல ஏத்தி, இந்தத் தொட்டியில அள்ள வச்சீங்களே, அதுக்கு."

"எந்த அத்தை?" என்றார்.

நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். நடிப்பு இல்லை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. திரும்பித் தன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜருக்கு ஞாபகம் இருந்தது. அவர் தலை குனிந்தார். ஒன்றரை வருடம் நான் தூங்கும்போதும் விழிக்கும்போதும் சுமந்துகொண்டிருந்தது, இந்த மனிதருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கால்மணி நேரம். அதுவும் துடைத்துப்போட்டாயிற்று.

"வெளிய போ" என்றார். போனேன். கத்தவும் இல்லை, அழவும் இல்லை. வாசலில் நின்று, "அந்தப் பொம்பளகிட்ட மன்னிப்பு கேளுங்க" என்று மட்டும் சொன்னேன். கேட்கவில்லை, இன்றுவரை.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நேராகப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள், "அப்டியா" என்றாள். பிறகு மீதி மீனையும் கழுவி முடித்து, எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். படகு திரும்பவும் கரையில். அத்தைதான் எதிர்பாராத விதமாகக் கோபப்பட்டார்.

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"ஆமா அத்த."

"எனக்கோசரமா?"

"ஆமா."

"அப்ப போயி அதச் சரி பண்ணிட்டு வந்திருக்குற பாரு! அவ மேல தப்பில்லனு சொல்லிட்டு வந்திருந்தா போதாதா? லைட்ட அப்டியே வுட்டுட்டு வரக் கூடாதா?" என்றார். கோபமாகச் சொல்ல ஆரம்பித்தவர் நடுவில் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் அத்தை மற்ற பெண்கள் கிளம்பும் நேரத்துக்கே ஏரிக்குக் கிளம்பினார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

விடுதித் தொட்டி இப்போது நன்றாக இருக்கிறதாம். மேனேஜர் ஒருநாள் பஸ்ஸில் சொன்னார். கடல் சாமந்திகள் பெருகி, கல் தெரியாமல் மூடிவிட்டனவாம். என் வேலை அவ்வளவு சுத்தம். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஜந்துக்கள் நன்றாக இருக்கட்டும். அந்த மனிதர் அவற்றின் பக்கத்தில் நின்று நாலுபேரிடம் பெருமை பேசுவதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

போன மாதம் ரேஷன் கடை வரிசையில் அந்தப் பெண் எனக்கு முன்னால் நின்றாள். வெகுநேரம் திரும்பவில்லை. அவள் முறை வந்து, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகும்போது நின்றாள்.

"அக்காவுக்குக் கால் வலி இப்ப எப்டி இருக்குது?" என்று கேட்டாள்.

"பரவால்ல. அத்த தெனம் எண்ண தேய்க்குது."

தலையாட்டிவிட்டுப் போனாள். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.